துணைவிதி ஆவணம்: (10) வந்ததும் வரி தள்ளிப்போகுது, அ) ஆ) கேட்டால் ய) டி) வருது

கருங்கல்_படிப்பகம்:

வணக்கம். கருங்கல் பக்கம் ஒரு படிப்பகத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி பதிவு செய்யத் துணைவிதி தயாராகிட்டு இருக்கு. மைக்ரோசாஃப்ட் வேர்டுல 38 விதி. பழைய விதிகள் பாமினி எழுத்துல அடிச்ச கோப்புல இருந்து வந்தது. புதுசு யூனிகோடு, அதுல பாதி வாட்ஸ்அப்ல இருந்து ஒட்டினது. எழுத்தெல்லாம் 12 பாயின்ட்.

உட்பிரிவுகளுக்கு (1), (2) என்று தானாக எண் வர்ற மாதிரி வச்சிருக்கு. உறுப்பினர் எந்தெந்த ஒன்றியத்தில் இருந்து வரலாம் என்ற விதியில குமரி மாவட்டத்தின் ஒன்பது ஒன்றியமும், அகஸ்தீஸ்வரத்தில் இருந்து மேல்புறம் வரை, பட்டியலா இருக்கு. அது ஒழுங்கா நிற்குது. ஆனா பத்துக்கு மேல உட்பிரிவு உள்ள விதிகளில் (10)-ல இருந்து முதல் வரி மட்டும் ஓர் அங்குலத்துக்கு எகிறிப் போகுது, இரண்டாவது வரி பழைய இடத்திலேயே நிற்குது. அடுத்த விதியில் (1)-ல தொடங்க வேண்டியது (8) என்று தொடருது. சில எண்கள் மட்டும் தடித்த எழுத்தா இருக்கு, வரியைத் தேர்வு செய்து போல்டை எடுத்தாலும் போகல. உட்பிரிவுகளுக்கு நடுவே 6 பாயின்ட் இடைவெளி கொடுத்தா ஏற்கவே மாட்டேங்குது.

அதுக்கும் உள்ளே அ) ஆ) இ) வேணும். பாமினி பகுதியில் ஆங்கிலச் சிற்றெழுத்துப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தா ய) டி) உ) என்று வருது. நோக்கங்கள் பகுதியில் எண் இல்லாம புள்ளி வச்சது, சில பேர் போன்ல வெறும் கட்டமா தெரியுது.

எல்லா எண்ணையும் கையாலேயே அடிச்சுரலாமான்னு நிர்வாகக் குழுவில் கேக்காங்க. அதுதான் வழியா?


தக்கலை_டிடிபி:

கையால அடிக்காதீங்க அண்ணாச்சி. 38 விதியில நடுவுல ஒண்ணு சேர்ந்தா அன்னைக்கே எல்லா எண்ணும் தப்பாயிரும்.

(10) ஏன் எகிறுதுன்னு முதல்ல பார்ப்போம். வேர்டு தானா போடுற பட்டியல்ல எண் 0.63 செ.மீ-ல தொடங்கும், எழுத்து 1.27 செ.மீ-ல தொடங்கும். எண்ணுக்குன்னு கிடைக்கிற இடம் 0.63 செ.மீ, அதாவது 18 பாயின்ட். டைம்ஸ் நியூ ரோமன் 12 பாயின்ட்ல ஒரு இலக்கம் 6 பாயின்ட் அகலம், ஒரு அடைப்புக்குறி 4 பாயின்ட். அப்போ (9) போட 14 பாயின்ட் போதும், உள்ளே அடங்கிரும். (10)-க்கு 20 பாயின்ட் வேணும், அடங்காது. எண்ணுக்குப் பின்னால ஒரு டேப் ஒளிஞ்சிருக்கு. 1.27 செ.மீ கோட்டை எண்ணே தாண்டிட்டதால அந்த டேப் அடுத்த நிறுத்தத்துக்கு, 2.54 செ.மீ-க்கு, ஓடிருது. இரண்டாவது வரிக்கு டேப் கிடையாது, அது 1.27-லயே நிற்கும். உங்க ஒன்றியப் பட்டியல் ஒன்பதோட முடிஞ்சதுனாலதான் தப்பிச்சுது.

சரி பண்ண: ஏதாவது ஒரு எண் மேல வலது கிளிக், அட்ஜஸ்ட் லிஸ்ட் இன்டென்ட்ஸ். நம்பர் பொசிஷன் 0.5 செ.மீ, டெக்ஸ்ட் இன்டென்ட் 1.5 செ.மீ. நடுவுல 1 செ.மீ, சுமார் 28 பாயின்ட் கிடைக்கும். (100) வந்தாக்கூட 26-தான், அடங்கும். மேலே இருக்கிற ரூலரை இழுத்துச் சரி பண்ணாதீங்க. அது நீங்க நிக்கிற பத்தியை மட்டும்தான் மாத்தும், மத்த பத்தி எல்லாம் பழைய அளவுலயே கிடக்கும். ஸ்பேஸ் தட்டி வரியை நேராக்குறதும் வேண்டாம். எழுத்துரு மாறினதும் கோணிரும்.

தடித்த எண்: எண்ணோட தோற்றம் வரியில இருக்கிற எழுத்துல இருந்து வர்றதில்ல, பத்தி முடிவுல இருக்கிற பத்திக்குறியில இருந்து வருது. கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூணையும் சேர்த்து அழுத்துங்க, ஒவ்வொரு பத்தி முடிவுலயும் ¶ தெரியும். அந்தக் குறியை மட்டும் தேர்வு செய்து போல்டை எடுங்க, எண் சரியாயிரும். வரியை மட்டும் மவுஸால இழுக்கும்போது அந்தக் குறி விட்டுப்போகும். அதனாலதான் நீங்க எடுத்தும் போகல. சிவப்பு எண், சாய்ந்த எண் எல்லாத்துக்கும் இதே காரணம்தான்.

இடைவெளி: பட்டியல் போட்டதும் வேர்டு அந்தப் பத்திக்கு லிஸ்ட் பாராகிராஃப் என்ற ஸ்டைலை, அதாவது பெயர் வச்ச வடிவமைப்புத் தொகுப்பை, கொடுக்கும். அதுல, ஒரே ஸ்டைல்ல உள்ள பத்திகளுக்கு நடுவே இடைவெளி வேண்டாம்னு ஒரு டிக் ஏற்கெனவே இருக்கும். பாராகிராஃப் பெட்டியில ஸ்பேசிங் பகுதிக்குக் கீழே பாருங்க, டோன்ட் ஆட் ஸ்பேஸ்னு தொடங்குற வரி. அந்த டிக்கை எடுத்தாத்தான் நீங்க கொடுத்த 6 பாயின்ட் நடக்கும்.

(8)-ல தொடர்றதுக்கு இப்போதைக்கு எண் மேல வலது கிளிக், ரீஸ்டார்ட் அட் 1. ஆனா 38 விதிக்கும் இதையே செய்துக்கிட்டு இருக்க முடியாது. பல மட்டப் பட்டியல்தான் இதுக்குச் சரி. அதை நல்லாத் தெரிஞ்சவங்க இங்கே இருக்காங்க, சொல்லுவாங்க.


நாகர்கோவில்_அச்சுக்கோப்பு:

ய) டி) உ) எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். பாமினி யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் எழுத்துரு அது. அதில் ஏ விசையின் இடத்தில் ய, பி-யின் இடத்தில் டி, சி-யின் இடத்தில் உ இருக்கின்றன. வேர்டு ஏ, பி, சி என்றுதான் எண்ணிக்கொண்டு போகிறது. பத்திக்குறி பாமினியில் இருப்பதால் எண்ணும் பாமினி உருவத்தில் தெரிகிறது. நம்பரிங் பொத்தானின் அம்பைத் தட்டி, டிஃபைன் நியூ நம்பர் ஃபார்மட், அதற்குள் ஃபான்ட் என்று போய் டைம்ஸ் நியூ ரோமன் கொடுத்தால் ஆங்கில எழுத்தே வந்துவிடும்.

ஆனால் பாதி பாமினி, பாதி யூனிகோடு என்று ஒரு சட்ட ஆவணத்தை வைத்திருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தேடினால் கிடைக்காது, போனில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. முதல் வேலையாக முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தானாக வந்த எண்கள் உரையில் இல்லாததால் எழுத்துருவை மாற்றும் மென்பொருளான மாற்றிக்கு அவை தெரியாது, அப்படியே இருக்கும். ஆனால் யாராவது கையால் ஆங்கிலத்தில் ஏ) பி) என்று அடித்திருந்தால் மாற்றி அதையும் பாமினி என்று எண்ணி ய) டி) என்று நிரந்தரமாக ஆக்கிவிடும். மாற்றியபின் இந்த எழுத்துகளைத் தேடிப் பாருங்கள்.

அடுத்து அ) ஆ) இ). வேர்டின் எண் வகைப் பட்டியலில் இந்தி உயிரெழுத்து, இந்தி மெய்யெழுத்து, அரபு, ஹீப்ரு, தாய் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை. எனவே இந்த ஒரு மட்டத்தை மட்டும் கையால் அடிக்க வேண்டும். அதையும் முறையாகச் செய்யலாம். புதிய ஸ்டைல் ஒன்று உருவாக்கி 'உட்கூறு' என்று பெயர் வையுங்கள். அதன் பாராகிராஃப் அமைப்பில் லெஃப்ட் 2.5 செ.மீ, ஸ்பெஷல் என்ற இடத்தில் ஹேங்கிங், அளவு 1 செ.மீ. பிறகு அ) அடித்து, டேப் ஒரு முறை, உரை. எழுத்து 1.5-இல் தொடங்கும், உரை 2.5-இல் தொடங்கும், இரண்டாம் வரியும் 2.5-இலேயே நிற்கும். டேப் ஒன்றுதான், இரண்டல்ல. பழக்கமில்லாதவர்கள் அ, ஆ-வுக்குப் பின் நேராக இ-யை விட்டு உ-வுக்குத் தாவுவதும் உண்டு: அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ, மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டைத் தாண்டும் உட்கூறு இருந்தால் அந்த விதியையே இரண்டாகப் பிரிப்பது நல்லது.

வாட்ஸ்அப்பில் இருந்து ஒட்டியவை பற்றி. அங்கே அடித்த (1), (2) எல்லாம் வெறும் எழுத்து. அதன்மேல் நம்பரிங் போட்டால் (1) (1) என்று இரட்டையாக வரும். ஒட்டும்போது கீப் டெக்ஸ்ட் ஒன்லி தேர்வு செய்யுங்கள். பிறகு ரீப்ளேஸ் பெட்டியில் மோர், ஸ்பெஷல் என்று போய்ப் பாராகிராஃப் மார்க்கைச் சேர்த்து, பின்னால் அடைப்புக்குறி, ஸ்பெஷலில் இருந்தே எனி டிஜிட் இரண்டு முறை, மூடும் அடைப்புக்குறி, ஓர் இடைவெளி. மாற்றாக வெறும் பாராகிராஃப் மார்க். இரட்டை இலக்கம் முடிந்ததும் ஒற்றை இலக்கத்துக்கும் இதையே செய்யுங்கள். முன்னால் பத்திக்குறியைச் சேர்ப்பது முக்கியம். சேர்க்காவிட்டால் வாக்கியத்தின் நடுவே 'விதி 7 (2) இன்படி' என்று வரும் எண்ணையும் சேர்த்து அழித்துவிடும். ஆவணத்தின் முதல் பத்தி மட்டும் இதில் சிக்காது, கையால் நீக்கிக்கொள்ளுங்கள்.


கருங்கல்_படிப்பகம்:

ரெண்டு பேருக்கும் நன்றி. (10) நேரா நின்னுட்டு, தடித்த எண்ணும் சரியாச்சு. பாமினிப் பகுதி மாற்றியாச்சு, தேடினதில் மூணு இடத்தில் ய) இருந்துச்சு.

இன்னும் ரெண்டு. துணைவிதிக்குள்ள 'விதி 12(3)-ல் கூறியபடி' என்ற மாதிரி இருபது இடத்துக்கு மேல இருக்கு. பொதுக்குழுவில் ஒரு விதி கூடினா இது எல்லாத்தையும் தேடி மாத்தணுமா? அப்புறம், இன்னொரு உறுப்பினர் லிப்ரே ஆஃபீஸ்ல திறந்து திருத்துறாங்க. அங்கே எண் கெட்டுப்போகுமா?


மார்த்தாண்டம்_ஆவணம்:

தேட வேண்டியதில்லை அண்ணா. பட்டியலை ஸ்டைலோடு பிணைத்துவிட்டால் இரண்டு சிக்கலும், (8)-இல் தொடங்குகிற சிக்கலும் சேர்ந்தே தீரும்.

ஹோம் பட்டையில் மல்டிலெவல் லிஸ்ட் பொத்தான், அதில் டிஃபைன் நியூ மல்டிலெவல் லிஸ்ட். பெட்டி திறந்ததும் கீழே மோர் என்பதைத் தட்டுங்கள். தட்டாவிட்டால் வேண்டிய பாதி வசதி கண்ணில் படாது.

இடப்பக்கம் 1 என்ற மட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். எண் வடிவப் பெட்டியில் சாம்பல் நிறப் பின்னணியோடு ஒரு 1 இருக்கும். அதன் முன்னால் 'விதி' என்று அடித்து ஓர் இடைவெளி விடுங்கள். பின்னால் புள்ளி இருந்தால் நீக்குங்கள். சாம்பல் நிற 1-ஐ மட்டும் தொடவே கூடாது. பலரும் அதை அழித்துவிட்டுத் தாங்களே 1 அடிக்கிறார்கள். அடித்த 1 உயிரற்ற எழுத்து. 38 விதிக்கும் 'விதி 1' என்றே வரும். தவறி அழித்துவிட்டால் கீழே உள்ள நம்பர் ஸ்டைல் பட்டியலில் 1, 2, 3-ஐ மறுபடி தேர்ந்தெடுத்தால் சாம்பல் நிற எண் திரும்பி வரும். வலப்பக்கம் லிங்க் லெவல் டு ஸ்டைல் என்ற இடத்தில் ஹெடிங் 1. ஃபாலோ நம்பர் வித் என்ற இடத்தில் ஸ்பேஸ். அளவு இரண்டும் 0.

அடுத்து இடப்பக்கம் 2. பெட்டியில் உள்ளதைத் துடைத்து ( அடித்து, நம்பர் ஸ்டைலில் 1, 2, 3 தேர்ந்து, பின்னால் ) போடுங்கள். தக்கலைக்காரர் சொன்ன 0.5, 1.5 அளவை இங்கே கொடுங்கள். இதை 'உட்பிரிவு' என்று நீங்களே முன்கூட்டி உருவாக்கிய ஸ்டைலோடு இணையுங்கள், லிஸ்ட் பாராகிராஃபோடு வேண்டாம். ரீஸ்டார்ட் லிஸ்ட் ஆஃப்டர் என்பதில் லெவல் 1 டிக் ஆகி இருக்க வேண்டும். புதிய விதி தொடங்கியதும் உட்பிரிவு தானாக (1)-க்குத் திரும்புவது இந்த டிக்கால்தான்.

இனி விதித் தலைப்பில் நின்று ஹெடிங் 1, உட்பிரிவில் நின்று 'உட்பிரிவு'. நம்பரிங் பொத்தானை மறுபடி தொடாதீர்கள். தொட்டால் அந்தப் பத்திக்கு மட்டும் தனிப்பட்டியல் ஒன்று பிறந்துவிடும், குழப்பம் அங்கேதான் தொடங்கும். ஏற்கெனவே தொட்ட பத்திகளில் நின்று கன்ட்ரோல் + க்யூ அழுத்தினால் மேலே ஒட்டியிருந்த அமைப்பு உதிர்ந்து ஸ்டைல் சொல்வது மட்டும் நிற்கும். ஓர் உட்பிரிவுக்குள் எண் இல்லாமல் புதிய வரி வேண்டும் என்றால் ஷிஃப்ட் + என்டர்.

இந்த இடத்தில் தமிழுக்கே உரிய ஒரு சங்கதி. வேர்டு ஒவ்வொரு ஸ்டைலிலும் எழுத்து வகைக்கேற்பத் தனித்தனி எழுத்துரு வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியவை இரண்டு: லத்தீன் எழுத்துக்கு ஒன்று, காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற வகைக்கு ஒன்று. தமிழ் இரண்டாவதில் சேரும், 1 2 3 முதலாவதில் சேரும். உரை லதா 12, எண் காலிப்ரி 11 என்று பொருந்தாமல் நிற்பது இதனால்தான். ஸ்டைல் மேல் வலது கிளிக், மாடிஃபை, ஃபார்மட், ஃபான்ட். அங்கே இரண்டு பெட்டியிலும் எழுத்துருவையும் அளவையும் சேர்ந்தே கொடுங்கள். ஹெடிங் 1-க்கும் மறக்காமல் செய்யுங்கள், அதன் நீல நிறத்தையும் அங்கேயே கறுப்பாக்கலாம்.

இப்போது குறுக்குக் குறிப்பு. 'விதி 12(3)' என்று அடித்திருக்கும் இடத்தில் அதை அழித்துவிட்டு, ரெஃபரன்சஸ் பட்டையில் கிராஸ் ரெஃபரன்ஸ். வகை நம்பர்டு ஐட்டம். இன்சர்ட் ரெஃபரன்ஸ் டு என்பதில் பாராகிராஃப் நம்பர், ஃபுல் கான்டெக்ஸ்ட் என்று முடியும் தேர்வு. கீழே பட்டியலில் அந்த உட்பிரிவைத் தேர்ந்து இன்சர்ட். 'விதி' என்ற சொல்லும் சேர்ந்தே வரும், எனவே முன்னால் இன்னொரு விதி அடிக்காதீர்கள். பின்னால் '-ல் கூறியபடி' என்பதை நீங்கள் அடிக்கலாம். விதி கூடினாலும் குறைந்தாலும் கன்ட்ரோல் + ஏ அழுத்தி எஃப்9 தட்டினால் எல்லா இடமும் புதுப்பிக்கப்படும். எஃப்9 தட்டும்வரை பழைய எண்ணே நிற்கும். அச்சுக்கு அனுப்பும் முன் அதை மறந்தால் ஆவணம் முழுக்கத் தவறான விதி எண்ணோடு போய்விடும். ஒரு விதியை முழுதாக நீக்கினால் அதைச் சுட்டிய இடங்களில் எரர் என்று தொடங்கும் ஆங்கில வரி வரும். அது நல்லதுதான், எந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

நாகர்கோவில் அண்ணாச்சி சொன்ன கையால் அடித்த அ) ஆ) மட்டும் இந்தப் பட்டியலில் வராது. அதைச் சுட்ட வேண்டுமென்றால் 'அ' என்ற எழுத்தை மட்டும் தேர்ந்து, இன்சர்ட் பட்டையில் புக்மார்க், இடைவெளி இல்லாத ஒரு பெயர். பிறகு கிராஸ் ரெஃபரன்சில் வகை புக்மார்க், புக்மார்க் டெக்ஸ்ட். நானாக இருந்தால் மூன்றாம் மட்டத்துக்கும் சிறு ரோமன் எண்ணையே வைப்பேன், தானாக எண்ணும், தானாகப் புதுப்பிக்கும்.


நாகர்கோவில்_அச்சுக்கோப்பு:

ரோமன் எண் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பொதுக்குழுவில் துணைவிதியை வாய்விட்டு வாசிப்பார்கள். 'விதி ஏழு, உட்பிரிவு மூன்று, ஆ' என்று சொன்னால் எல்லோருக்கும் உடனே பிடிபடும். தமிழ் ஆவணத்தில் ஐந்தாறு உட்கூறுக்காக அ, ஆ-வை விட்டுவிட வேண்டாம் என்பேன். புக்மார்க் வழி நல்ல வழி.


குளச்சல்_லிப்ரே:

லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர் கேள்விக்கு. வேர்டு கோப்பைத் திறந்தா எண்கள் பெரும்பாலும் அப்படியே வரும். கெடுறது பெரும்பாலும் எழுத்துருவால. லதா அந்தக் கணினியில இல்லைன்னா வேற எழுத்துரு வந்து உட்காரும், பக்கம் மாறும். ரெண்டு பேரும் ஒரே எழுத்துருவை நிறுவிக்கிடுங்க.

ரைட்டர்ல எஃப்12 எண் பட்டியல், ஷிஃப்ட் + எஃப்12 புள்ளிப் பட்டியல். திருத்துறவங்க அந்த ரெண்டையும் தொடாம, எஃப்11 அழுத்தி ஸ்டைல் பலகையைத் திறந்து ஹெடிங் 1, உட்பிரிவு ஸ்டைல்களை மட்டும் கொடுக்கட்டும். அளவு பார்க்கணும்னா ஃபார்மட் மெனு, புல்லட்ஸ் அண்ட் நம்பரிங், பொசிஷன் பக்கம். அங்கே அலைன்டு அட் என்பது வேர்டுல எண் நிற்கிற இடம், இன்டென்ட் அட் என்பது எழுத்து நிற்கிற இடம். ஒரே வாரத்துல அங்கேயும் இங்கேயும் மாத்தி மாத்திச் சேமிக்காதீங்க. ஒருத்தர் திருத்தி முடிச்சு, மத்தவர் வாங்குறதுதான் பாதுகாப்பு.

போன்ல கட்டமா தெரியுற புள்ளி: வேர்டோட வழக்கமான புள்ளி சிம்பல் எழுத்துருவில இருந்து வருது, அந்த எழுத்துரு இல்லாத இடத்துல கட்டம்தான். புல்லட்ஸ் அம்பு, டிஃபைன் நியூ புல்லட், சிம்பல். எழுத்துரு ஏரியல், கேரக்டர் கோட் 2022, பக்கத்துல யூனிகோட் ஹெக்ஸ்னு இருக்கான்னு பாத்துக்கிடுங்க. அந்த • எங்கேயும் தெரியும். ஆனா நோக்கங்கள் பகுதிக்குப் புள்ளியே வேண்டாம் மக்கா. துணைவிதியில ஒரு நோக்கத்தைத் திருத்தணும்னா 'நாலாவது நோக்கம்'னு எண் சொல்லித்தான் தீர்மானம் எழுத முடியும். புள்ளியைச் சுட்ட முடியாது.


கருங்கல்_படிப்பகம்:

எண்ணாவே மாத்திட்டேன். மல்டிலெவல் போட்டதும் (1) எல்லா விதியிலயும் ஒழுங்கா தொடங்குது. கடைசியா ஒண்ணு: நிர்வாகக் குழு உறுப்பினர் அட்டவணையில வரிசை எண் கட்டத்துக்கும் தானா எண் வருமா? போட்டா எண் கட்டத்தோட நடுவுல நிற்காம வலப்பக்கம் ஒதுங்குது. அப்புறம் அச்சகத்துல வேர்டு கோப்பைப் பேஜ்மேக்கர்ங்கிற பக்க வடிவமைப்பு மென்பொருள்ல ஒட்டுவாங்களாம்.


தக்கலை_டிடிபி:

வரும். வரிசை எண் நெடுவரிசையை மட்டும் தேர்வு செய்து நம்பரிங். ஒதுங்குறதுக்குக் காரணம் அதே 0.63-ம் அந்த ஒளிஞ்ச டேப்பும்தான். அட்ஜஸ்ட் லிஸ்ட் இன்டென்ட்ஸ்ல ரெண்டு அளவும் 0, ஃபாலோ நம்பர் வித் என்ற இடத்துல நத்திங், அப்புறம் நடுவாக்கம். நடுவுல ஒரு வரிசையை நீக்கினாலும் எண் தானா நிரம்பிரும். அட்டவணைக்குள்ள டேப் அழுத்தினா அடுத்த கட்டத்துக்குப் போயிரும். அங்கே மட்டம் மாத்த ஆல்ட் + ஷிஃப்ட் + வலது அம்பு.

அச்சகத்துக்கு முதல்ல பிடிஎஃப் கொடுங்க, சரிபார்க்க அது ஒண்ணுதான் ஆதாரம். ஒட்டுறதுக்குத் தனியா ஒரு பிரதி: எஃப்9 தட்டின கோப்புல எல்லாத்தையும் நகலெடுத்து, புதுக்கோப்புல கீப் டெக்ஸ்ட் ஒன்லியா ஒட்டுங்க. தானா வந்த எண்ணெல்லாம் சாதாரண எழுத்தா மாறி நிற்கும். மாறலைன்னா வேர்டு ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, கட் காப்பி பேஸ்ட் பகுதியில கீப் புல்லட்ஸ் அண்ட் நம்பர்ஸ்னு தொடங்குற டிக்கைப் பாருங்க. அட்டவணை இந்தப் பிரதியில வெறும் டேப் வரிகளா போயிரும், அதை அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிருங்க. பேஜ்மேக்கர் பழசு, யூனிகோடு தமிழை ஏத்துக்காது. அங்கே வேற எழுத்துருக்கு மாத்துவாங்க. மாத்தி முடிஞ்ச பிரதியை வாங்கி, அ) ஆ) இருக்கிற பக்கங்களை மட்டுமாவது பிடிஎஃப்போட வரிக்கு வரி ஒத்துப் பாத்துக்கிடுங்க.